சிறுகுடலில் பாலிப்: புற்றுநோய் இல்லை என்று சொன்ன பிறகு எழும் கேள்விகள்

வயிற்று வலிக்கோ ரத்தசோகைக்கோ எண்டோஸ்கோபி செய்துகொள்ளப் போய், "சிறுகுடலில் பாலிப் இருக்கிறது, பயாப்ஸியில் புற்றுநோய் எதுவும் இல்லை" என்ற பதிலோடு வீடு திரும்புகிறவர்களுக்குப் பாதி நிம்மதி, பாதி குழப்பம். அந்தக் குழப்பத்துக்காகத்தான் இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புற்றுநோய் இல்லை என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அது எந்த வகைப் பாலிப், மொத்தம் எத்தனை, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து எடுக்கப்போகும் முடிவுகள் பெரும்பாலும் இவற்றிலிருந்துதான் வரும்.

பாலிப் என்றால் சரியாக என்ன?

குடலின் உட்சுவரிலிருந்து உள்நோக்கி வளர்ந்து நிற்கும் சதை. சில காம்போடு தொங்கும், சில தட்டையாகப் படர்ந்திருக்கும், சில 2 மில்லிமீட்டர் புள்ளியாக நின்றுவிடும், சில பல சென்டிமீட்டர் வளர்ந்து குடலையே அடைக்கும். சிறுகுடல் மூன்று பகுதிகளாக இருக்கிறது: இரைப்பையை ஒட்டிய முதல் 25 சென்டிமீட்டர் அளவு டியோடினம், அடுத்தது ஜெஜுனம், கடைசியில் பெருங்குடலோடு சேரும் இலியம். பாலிப் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதை ரிப்போர்ட்டில் பாருங்கள், அது பல விஷயங்களைச் சொல்லும்.

பெருங்குடல் பாலிப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். சிறுகுடலிலும் வருமா?

வரும், ஆனால் மிகவும் குறைவு. சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், செரிமானப் பாதையின் உட்பரப்பில் பெரும்பகுதி அதனுடையதுதான். அப்படியிருந்தும் செரிமானப் பாதையில் வரும் புற்றுநோய்களில் 5 சதவீதத்துக்கும் குறைவாகவே அங்கே உருவாகின்றன. உணவு வேகமாகக் கடந்துபோவது, பெருங்குடலை விடப் பாக்டீரியா மிகக் குறைவாக இருப்பது, நோய் எதிர்ப்புச் செல்கள் நிறைய இருப்பது என்று பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. இப்படி அரிதாக வரும் இடம் என்பதால்தான், அங்கே பாலிப் தெரிந்தால், குறிப்பாக ஒன்றுக்கு மேல் தெரிந்தால், ஏன் வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என்னென்ன வகைகள்? ரிப்போர்ட்டில் ஏதேதோ பெயர் போட்டிருக்கிறது.

முக்கியமானது அடினோமா. சுரப்பிச் செல்கள் கட்டுப்பாடு தளர்ந்து பெருகுவதால் வருவது இது. இப்போது புற்றுநோய் இல்லை என்றாலும் காலப்போக்கில் அப்படி மாறக்கூடிய வகை, அதனால் அப்படியே விட்டுவிட மாட்டார்கள். இதற்குள்ளேயே டியூபுலர், வில்லஸ், இரண்டும் கலந்தது என்று பிரிவுகள் உண்டு. வில்லஸ் தன்மை கூடக் கூட, அளவு பெரிதாகப் பெரிதாக, ஆபத்தும் கூடும். ரிப்போர்ட்டில் 'டிஸ்பிளேசியா' என்று ஒரு சொல் இருக்கும். செல்கள் எவ்வளவு தாறுமாறாக மாறியிருக்கின்றன என்பதற்கான அளவு அது. 'லோ கிரேடு' என்றால் லேசான மாற்றம், 'ஹை கிரேடு' என்றால் தாமதிக்காமல் கவனிக்க வேண்டியது.

அடுத்து ஹமர்டோமா. அந்த இடத்தில் வழக்கமாக இருக்கவேண்டிய திசுக்கள்தான் இருக்கும், ஆனால் அளவும் அமைப்பும் குலைந்து கலந்து வளர்ந்திருக்கும். பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரை நோயில் (கீழே விரிவாக வரும்) வரும் பாலிப், ஜுவனைல் பாலிப் எல்லாம் இந்த இனம். சிறுகுடலில் ஹமர்டோமா என்று எழுதியிருந்தால் மரபணு பற்றிய பேச்சைத் தொடங்காமல் அந்தச் சந்திப்பை முடிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிரன்னர் சுரப்பி மிகைவளர்ச்சி என்பது டியோடினத்தில் வருவது. இரைப்பையிலிருந்து வரும் அமிலத்தைத் தணிக்கும் காரச்சளியைச் சுரக்கும் சுரப்பிகள் அங்கே உண்டு, அவை பெருத்துப் பாலிப் போலத் தெரியும். சிறிதாக இருந்தால் கவலையே வேண்டாம். இரைப்பைத் திசு இடம் மாறி டியோடினத்தில் இருப்பதும், குழந்தைகளுக்கு இலியத்தின் கடைசியில் நிணநீர்த் திசு முடிச்சு முடிச்சாகத் தெரிவதும் அப்படித்தான். பார்க்கப் பாலிப் மாதிரி இருக்கும், பரம்பரையோடு தொடர்பு கிடையாது.

லிப்போமா என்பது குடலின் உட்சவ்வுக்கு அடியில் சேரும் கொழுப்புக் கட்டி, இலியத்தில்தான் அதிகம். அழற்சி நார்த்திசுப் பாலிப் என்று இன்னொன்று உண்டு. அதில் பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்ற மரபணுவில் மாற்றம் அடிக்கடி இருக்கும், ஆனால் பெரும்பாலும் அது அந்தக் கட்டியின் செல்களுக்குள் மட்டுமே இருப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

எனக்கு ஒரே ஒரு பாலிப்தான். இதுவும் பரம்பரை நோயா?

பெரும்பாலும் இல்லை. நடுவயதைத் தாண்டியவருக்கு, டியோடினத்தில் ஒற்றை அடினோமா, குடும்பத்தில் யாருக்கும் எதுவும் இல்லை என்றால், அது தானாக வந்ததாகவே இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒன்று செய்ய வேண்டும். டியோடினத்தில் அடினோமா இருப்பவர்களுக்குப் பெருங்குடலிலும் அடினோமா இருக்கும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், அதனால் கொலோனோஸ்கோபி செய்து பார்த்துவிட வேண்டும். பெருங்குடலும் சுத்தமாக இருந்தால் பரம்பரைக் கோணம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். அங்கே பத்து, இருபது என்று அடினோமா இருந்தால் கதை வேறு.

விதிவிலக்கு, பியூட்ஸ்-ஜெகர்ஸ் வகைப் பாலிப். அது ஒன்றே ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசனைக்குப் போக வேண்டும்.

மரபணுவில் அப்படி என்ன நடக்கிறது?

குடலின் உட்சுவர்ச் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை முழுக்கப் புதுப்பிக்கப்படுகின்றன. சுவரின் குழிகளுக்கு அடியில் இருக்கும் மூலச்செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், புதுச் செல்கள் மேலேறிப் போகும், பழையவை உதிரும். எப்போது பிரிய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைச் சில மரபணுக்கள் கட்டுப்படுத்துகின்றன. அவற்றில் முக்கியமானது ஏ.பி.சி. பீட்டா-கேட்டனின் என்ற புரதம் செல்லுக்குள் தேங்கினால் "பிரி, பிரி" என்ற கட்டளை ஓயாமல் போகும். அந்தப் புரதத்தை அழித்துக் குறைவாக வைத்திருப்பதில் ஏ.பி.சி.க்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஒவ்வொரு செல்லிலும் ஏ.பி.சி. இரண்டு பிரதிகளாக இருக்கிறது, ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. ஒன்று கெட்டாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். சாதாரணமாக ஒருவருக்கு அடினோமா வரவேண்டுமென்றால், ஒரே செல்லில் இரண்டு பிரதிகளும் வாழ்நாளில் தற்செயலாகக் கெட வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும், அதனால்தான் அது வயதானபின், ஒன்றோ இரண்டோ வருகிறது. ஆனால் ஒருவர் பிறக்கும்போதே எல்லாச் செல்களிலும் ஒரு பிரதி கெட்ட நிலையில் பிறந்தால்? இன்னும் ஒன்று கெட்டால் போதும். கோடிக்கணக்கான செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும் குடலில் அது அங்கங்கே நடந்தே தீரும், அதனால் இளம் வயதிலேயே நூற்றுக்கணக்கில் பாலிப் வருகிறது. இரண்டு அடி விழ வேண்டும் என்ற இந்தக் கருத்தை ஆல்ஃபிரட் நட்ஸன் 1971-இல் குழந்தைகளின் கண் புற்றுநோயை வைத்து முன்வைத்தார். குடல் பாலிப்புக்கும் அது அப்படியே பொருந்தியது.

இங்கேதான் மேலே சொன்ன வேறுபாடு வருகிறது. பாலிப்பின் செல்லுக்குள் மட்டும் ஏற்பட்ட மாற்றம் உங்களோடு முடிந்துவிடும். பிறவியிலேயே எல்லாச் செல்களிலும் இருக்கும் மாற்றம் கருமுட்டையிலும் விந்தணுவிலும் இருக்கும், பிள்ளைகளுக்குப் போக முடியும். "உங்கள் பாலிப்பில் மரபணு மாற்றம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், இந்த இரண்டில் எது என்று உடனே கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்காததால் குடும்பமே தேவையில்லாமல் பயந்துபோவதும் உண்டு, பயப்பட வேண்டிய குடும்பம் கவனிக்காமல் விடுவதும் உண்டு.

ஹமர்டோமாவில் நிலைமை சற்று வேறு. பியூட்ஸ்-ஜெகர்ஸில் கெடும் எஸ்.டி.கே.11 மரபணு, செல்லில் ஆற்றல் குறையும்போது வளர்ச்சியைத் தணிக்கும் பாதையில் வேலை செய்கிறது. எலிகளில் உட்சுவர்ச் செல்களை விட்டுவிட்டு அடியிலிருக்கும் தசை சார்ந்த செல்களில் மட்டும் இந்த மரபணுவைக் கெடுத்துப் பார்த்தபோதும் பாலிப் வளர்ந்தது. அதாவது பாலிப்பாக மாறும் சவ்வில்தான் கோளாறு இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, அதைத் தாங்கி நிற்கும் திசுவில் இருந்தாலும் போதும். மைக்ரோஸ்கோப்பில் பியூட்ஸ்-ஜெகர்ஸ் பாலிப்புக்குள் மென்தசை கிளை கிளையாகப் பிரிந்து ஓடுவது ஏன் என்பது இதைத் தெரிந்துகொண்டால் கொஞ்சம் புரியும்.

எஃப்.ஏ.பி. என்று சொல்கிறார்களே, அது பெருங்குடல் நோய்தானே?

அங்கிருந்துதான் தொடங்கும். ஏ.பி.சி. மரபணு 5-ஆம் குரோமோசோமில் இருக்கிறது, 1991-இல் அடையாளம் காணப்பட்டது. அதில் பிறவி மாற்றம் இருந்தால் வருவதுதான் குடும்பவழி அடினோமா பாலிப் நோய், சுருக்கமாக எஃப்.ஏ.பி. பெருங்குடலில் நூற்றுக்கணக்கில், சிலருக்கு ஆயிரக்கணக்கில் அடினோமா வரும். பெருங்குடலை எடுக்காவிட்டால் நடுவயதுக்குள் புற்றுநோய் வருவது ஏறக்குறைய உறுதி. அதனால் உரிய வயதில் பெருங்குடலை அறுவை செய்து எடுத்துவிடுகிறார்கள்.

பலர் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். முடியவில்லை. எஃப்.ஏ.பி. உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் டியோடினத்திலும் அடினோமா வரும், குறிப்பாகப் பித்தநாளமும் கணைய நாளமும் வந்து திறக்கும் இடத்தைச் சுற்றி. பித்தநீர் படும் இடத்தில் அதிகமாக வருவதால் அதற்கும் இதில் பங்கு இருப்பதாகக் கருதப்படுகிறது. பெருங்குடலை எடுத்துவிட்ட எஃப்.ஏ.பி.காரர்களுக்கு உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் முக்கியக் காரணங்களில் டியோடினப் புற்றுநோயும் ஒன்று. ஆகவே 20-25 வயதிலிருந்து எண்டோஸ்கோபி கண்காணிப்பு தொடங்க வேண்டும். சாதாரண எண்டோஸ்கோப் நேராகப் பார்ப்பது, பித்தநாளத் துளை பக்கச் சுவரில் இருப்பதால் அதில் சரியாகத் தெரியாமல் போகலாம். பக்கவாட்டில் பார்க்கும் எண்டோஸ்கோப்போ, நுனியில் பிளாஸ்டிக் மூடி பொருத்திய எண்டோஸ்கோப்போ தேவைப்படும். "அந்தத் துளையைப் பார்த்தீர்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை.

மிதமான எஃப்.ஏ.பி. என்று ஒன்று உண்டு. பெருங்குடலில் நூற்றுக்கும் குறைவாகத்தான் பாலிப் இருக்கும், வயதும் தள்ளிப்போகும். அதை வைத்து டியோடினமும் சுத்தமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், அங்கே தாராளமாக வரலாம்.

டியோடினத்தில் எவ்வளவு தீவிரம் என்று எப்படி அளக்கிறார்கள்?

ஸ்பிகல்மேன் என்ற மதிப்பெண் முறை, 1989-இல் வந்தது. பாலிப்புகளின் எண்ணிக்கை, அளவு, திசுவகை, டிஸ்பிளேசியா என்ற நான்குக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளி. எதுவுமே இல்லையென்றால் நிலை 0, கூட்டினால் 4 வரை வந்தால் நிலை 1, 5-6 என்றால் நிலை 2, 7-8 நிலை 3, 9 முதல் 12 வரை நிலை 4. நிலை 0 என்றால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும், நிலை 4 என்றால் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பதோடு அறுவை சிகிச்சை பற்றியும் பேச வேண்டும். ஒரு நீண்டகாலக் கண்காணிப்பில், நிலை 4-இல் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்களுக்குப் பத்தாண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது. இந்த முறையின் குறை, பித்தநாளத் துளையில் இருக்கும் மாற்றத்தை அது தனியாகக் கணக்கில் எடுப்பதில்லை. மொத்தப் புள்ளி குறைவு என்பதற்காக அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது.

உதட்டில் கரும்புள்ளிகள் இருந்தால் குடலில் பாலிப் இருக்கும் என்கிறார்களே?

பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயைத்தான் சொல்கிறார்கள். நெதர்லாந்து மருத்துவர் யான் பியூட்ஸ் 1921-இல் ஒரு குடும்பத்தில் இதைப் பதிவு செய்தார், அமெரிக்காவில் ஹெரால்ட் ஜெகர்ஸும் அவருடைய குழுவினரும் 1949-இல் விரிவாக எழுதினார்கள். காரணமான எஸ்.டி.கே.11 மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருப்பது 1998-இல் தெரியவந்தது.

புள்ளிகள் உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும்தான் அதிகம், மூக்கைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் வரலாம். சின்ன வயதில் தோன்றி, பருவம் அடைந்த பிறகு உதட்டில் இருப்பவை மங்கிப்போகும், வாய்க்குள் இருப்பவை பெரும்பாலும் நிற்கும். அதனால் பெரியவர்களைப் பார்க்கும்போது வாயைத் திறந்து பார்க்க வேண்டும், பழைய சிறுவயதுப் போட்டோக்களையும் பார்க்கலாம். உதட்டில் புள்ளி இருக்கும் எல்லோருக்கும் இந்த நோய் கிடையாது. புள்ளியோடு இந்த வகைப் பாலிப்போ, குடும்பத்தில் இந்த நோயோ சேர்ந்தால்தான் நோயறிதல் நிற்கும். புள்ளியே இல்லாவிட்டாலும், இத்தகைய பாலிப் இரண்டோ அதற்கு மேலோ திசுப் பரிசோதனையில் உறுதியானால் போதும்.

இந்தப் பாலிப்புகளுக்குச் சிறுகுடல்தான் பிடித்த இடம், ஜெஜுனத்தில் மிக அதிகம். இங்கே முதல் ஆபத்து புற்றுநோய் அல்ல, குடல் செருகல். பெரிய பாலிப்பைக் குடல் உணவு என்று நினைத்து முன்னே தள்ளும், பாலிப்போடு சேர்ந்து குடலின் ஒரு பகுதி, சட்டைக் கை உள்ளே இழுபட்டுப் போவது போல, அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடும். அடைப்பு வரும், ரத்த ஓட்டம் நின்றால் அந்தப் பகுதி அழுகிவிடும். கண்காணிப்பு இல்லாமல் விட்டால் 20 வயதுக்குள் பாதிப்பேருக்கு இது வந்துவிடுகிறது. எட்டு, பத்து வயதுப் பிள்ளைகள் அவசர அறுவை சிகிச்சைக்கு வந்து, அப்போதுதான் நோயே தெரியவருவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் முன்பே பார்த்துப் பெரிய பாலிப்புகளை எடுத்திருந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது அது.

இரண்டாவது ஆபத்து, பாலிப்புக்கு வெளியே. மார்பகம், கணையம், குடல், இரைப்பை, சினைப்பை, கருப்பை வாய், விரைகள் என்று பல உறுப்புகளில் புற்றுநோய் வாய்ப்பு இந்த நோயில் கூடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவ ஏடுகளில் பதிவான, உதட்டில் புள்ளிகள் கொண்ட இரட்டைச் சகோதரிகளில் ஒருவர் 20 வயதில் குடல் செருகலாலும் இன்னொருவர் 52 வயதில் மார்பகப் புற்றுநோயாலும் இறந்ததாகப் பின்னால் தெரியவந்தது. இந்த நோயின் இரண்டு முகங்களும் அந்த ஒரே குடும்பத்தில் இருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தப் பாலிப்பில் சில சமயம் சவ்வுச் செல்கள் அழுத்தத்தால் குடல் சுவருக்குள் இடம்பெயர்ந்து கிடக்கும், மைக்ரோஸ்கோப்பில் புற்றுநோய் ஊடுருவியது போலவே தெரியும். ரிப்போர்ட் புற்றுநோய் என்று வந்தால், இத்தகைய பாலிப் பார்த்துப் பழகிய இன்னொரு திசு நிபுணரிடம் ஸ்லைடைக் காட்டிவிட்டுப் பெரிய அறுவைக்குச் சம்மதிப்பது நல்லது.

வேறு பரம்பரைக் காரணங்கள்?

மியூட்ஒய்எச் என்ற மரபணு சார்ந்த பாலிப் நோய், 2002-இல் விவரிக்கப்பட்டது. இது வேறுமாதிரிப் பரவும்: அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு கெட்ட பிரதி வந்தால்தான் நோய். அதனால் பெற்றோர் இருவரும் நலமாக இருப்பார்கள், அண்ணன் தங்கைகளுக்கு மட்டும் இருக்கும். "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லையே" என்ற பதில் இங்கே செல்லாது. டியோடினத்தில் அடினோமா வரும், ஆனால் எஃப்.ஏ.பி. அளவுக்கு இல்லை.

ஜுவனைல் பாலிபோசிஸில் ஸ்மாட்4 அல்லது பி.எம்.பி.ஆர்.1ஏ மரபணு கெட்டிருக்கும். முக்கியமாகப் பெருங்குடலிலும் இரைப்பையிலும், சில சமயம் சிறுகுடலிலும் பாலிப் வரும். ஸ்மாட்4 என்றால் ரத்தநாளக் கோளாறும் சேர்ந்து வரலாம், அடிக்கடி மூக்கில் ரத்தம், நுரையீரலில் தமனியும் சிரையும் நேரடியாக இணைவது மாதிரி. அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும். பி.டி.இ.என். மரபணு கெடும் கௌடன் நோயிலும் குடல் முழுக்கப் பலவகைப் பாலிப் வரும், ஆனால் அதில் தைராய்டு, மார்பகம், கருப்பை உட்சுவர் ஆகியவைதான் பெரிய கவலை.

பாலிப் நிறைய இருந்தாலே பரம்பரை என்றும் சொல்ல முடியாது. கிராங்கைட்-கனடா என்ற அரிய நோயில் குடலெங்கும் பாலிப், கூடவே முடி கொட்டும், நகம் உருக்குலையும், வயிற்றுப்போக்கு நிற்காது. அது நடுவயதுக்குப் பிறகு வருவது, பரம்பரையாக வருவதில்லை.

அறிகுறி என்ன இருக்கும்?

பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. இருந்தால், மெல்ல மெல்ல ரத்தம் கசிந்து இரும்புச்சத்துக் குறைபாடு, சோர்வு, கருநிற மலம், சாப்பிட்டபின் விட்டுவிட்டுப் பிடிக்கும் வயிற்று வலி. பித்தநாளத் துளையில் பாலிப் இருந்தால் மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம். மேலும் கீழும் எண்டோஸ்கோபி செய்தும் காரணம் தெரியாமல் இரும்பு மாத்திரையில் ஓட்டிக்கொண்டிருக்கும் ரத்தசோகை என்றால், இடையில் இருக்கும் சிறுகுடலைப் பார்க்கும்படி கேளுங்கள்.

அவ்வளவு நீளக் குடலை எப்படிப் பார்ப்பார்கள்?

2000-க்கு முன்பு உண்மையிலேயே கஷ்டம்தான். 2001-இல் இரண்டு பெரிய மாற்றங்கள் வந்தன. ஒன்று, விழுங்கும் கேப்ஸ்யூல் கேமரா, அந்த ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மாத்திரை மாதிரி விழுங்கினால் விநாடிக்கு இரண்டு என்ற கணக்கில் படங்களை எடுத்துக்கொண்டே போகும், மலத்தோடு வெளியேறிவிடும். வலியே இல்லை. ஆனால் அதனால் பயாப்ஸி எடுக்க முடியாது, டியோடினத்தை வேகமாகக் கடப்பதால் அங்கே இருக்கும் பாலிப்பைத் தவறவிடலாம், குடலில் குறுகலான இடம் இருந்தால் மாட்டிக்கொள்ளலாம். குறுகல் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் முதலில் கரையக்கூடிய சோதனைக் கேப்ஸ்யூல் ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஜப்பானில் ஹிரோனோரி யமமோட்டோ உருவாக்கிய இரட்டை பலூன் எண்டோஸ்கோபி. பலூன்களை மாறிமாறி ஊதிக் குடலை மடித்து மடித்து எண்டோஸ்கோப்பின் மேல் ஏற்றிக்கொண்டே போவது. ஆழத்தில் இருக்கும் பாலிப்பை வயிற்றைக் கிழிக்காமல் எடுக்க இதைப் போன்ற முறைகள்தான் வழி. பியூட்ஸ்-ஜெகர்ஸ் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பதைச் சொல்லி முடியாது, அதற்கு முன்பு ஒவ்வொரு முறையும் அறுவை, ஒவ்வொரு அறுவையிலும் குடல் கொஞ்சம் குறையும்.

எம்.ஆர்.ஐ. முறையில் சிறுகுடலைப் பார்ப்பதும் உண்டு, கதிர்வீச்சு கிடையாது என்பதால் வாழ்நாள் முழுக்கச் சோதிக்க வேண்டியவர்களுக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, சி.டி.யை விட அது பொருத்தம். சிறிய பாலிப் அதில் தெரியாமல் போகலாம், பெரியவை தெரியும்.

கண்டிப்பாக எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

வகையைப் பொறுத்தது. சிறிய பிரன்னர் பாலிப்பைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். தனியாக வந்த அடினோமாவை எடுப்பதே வழக்கம். எஃப்.ஏ.பி.யில் பத்து, இருபது என்று இருக்கும்போது ஒவ்வொரு சின்னப் புள்ளியையும் துரத்தாமல், பெரியவற்றையும் மாற்றம் கூடியவற்றையும் எடுப்பார்கள். பியூட்ஸ்-ஜெகர்ஸில் 15-20 மில்லிமீட்டரைத் தாண்டியதையும், அளவு எதுவானாலும் தொல்லை தருவதையும் எடுப்பார்கள்.

டியோடினத்தில் பாலிப் எடுப்பதைப் பெருங்குடலில் எடுப்பது மாதிரி நினைக்க வேண்டாம். சுவர் மெல்லியது, ரத்த ஓட்டம் அதிகம், எடுத்த இடத்துப் புண்ணில் பித்தநீரும் கணைய நீரும் படும். அதனால் தாமதமாக ரத்தம் வடிவதும், ஓட்டை விழுவதும் இங்கே அதிகம். சிறிய பாலிப்பை மின்சாரம் இல்லாமல் கம்பி வளையத்தால் மட்டும் வெட்டும் முறை இந்த ஆபத்தைக் குறைக்கிறது. பெரிய பாலிப் என்றால், இதை அடிக்கடி செய்யும் இடத்தில் செய்துகொள்வதுதான் சரி. நாள் கொஞ்சம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

மருந்தோ உணவோ பாலிப்பைக் கரைக்குமா?

உணவு கரைக்காது. பரம்பரை நோயில் எந்தப் பத்தியமும் கண்காணிப்புக்கு மாற்று ஆகாது. மருந்தில் முயற்சிகள் நடந்திருக்கின்றன. எஃப்.ஏ.பி. உள்ளவர்களுக்கு சுலின்டாக் என்ற அழற்சி மருந்து, எர்லோடினிப் என்ற புற்றுநோய் மருந்து இரண்டையும் ஆறு மாதம் சேர்த்துக் கொடுத்த ஓர் ஆய்வு 2016-இல் வெளியானது, அதில் டியோடினப் பாலிப் சுமை குறைந்தது. ஆனால் முகப்பரு மாதிரித் தோல் கொப்புளங்களும் வேறு பக்க விளைவுகளும் நிறையப் பேருக்கு வந்தன. இப்படிப்பட்ட மருந்துகளை நிபுணரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே யோசிக்கலாம்.

மரபணுப் பரிசோதனை யாருக்கு, எப்படி?

வாழ்நாளில் மொத்தம் பத்து அடினோமாவுக்கு மேல் வந்தவர்கள், ஒரு பியூட்ஸ்-ஜெகர்ஸ் பாலிப்பாவது உள்ளவர்கள், வேறு ஹமர்டோமா இரண்டுக்கு மேல் உள்ளவர்கள், குடும்பத்தில் மேற்சொன்ன நோய் உள்ளவர்கள் எல்லோரும் மரபணு ஆலோசனைக்குப் போகலாம். ரத்தமோ உமிழ்நீரோ போதும். பாலிப் உள்ளவரிடம் முதலில் செய்ய வேண்டும், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். நலமாக இருக்கும் மகளுக்குச் செய்து "எதுவும் இல்லை" என்று வந்தால், அவளுக்கு உண்மையிலேயே வரவில்லையா, அல்லது குடும்பத்தில் இருக்கும் மாற்றத்தையே அந்தச் சோதனை பிடிக்கவில்லையா என்று சொல்ல முடியாது. அப்பாவிடம் இன்ன மாற்றம் என்று தெரிந்த பிறகு மகளிடம் அது இல்லையென்றால், அந்த "இல்லை" உறுதியானது, அவளுக்கு விசேஷக் கண்காணிப்பு தேவையில்லை.

முடிவு மூன்று விதமாக வரலாம். மாற்றம் இருக்கிறது, இல்லை, அல்லது "பொருள் தெளிவாகாத மாற்றம்". கடைசியதை நோய் என்று எடுத்துக்கொண்டு அறுவைக்கோ, உறவினர்களைச் சோதிப்பதற்கோ கிளம்பிவிடாதீர்கள். காலப்போக்கில் இவற்றில் பல தீங்கற்றவை என்று மறுவகைப்படுத்தப்படுகின்றன, ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி விசாரியுங்கள்.

எஃப்.ஏ.பி. உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குப் பெற்றோரிடம் நோயே இருக்காது, மாற்றம் அவரிடம்தான் புதிதாகத் தோன்றியிருக்கும். அவர்களில் சிலருக்கு அது உடலின் ஒரு பகுதிச் செல்களில் மட்டும் இருக்கும், அப்போது ரத்தச் சோதனையில் தவறவிட்டு, இரண்டு மூன்று பாலிப்புகளின் திசுவைச் சோதித்தால் தெரியவரலாம்.

என் பிள்ளைகளுக்கு வருமா? எந்த வயதில் சோதிப்பது?

எஃப்.ஏ.பி., பியூட்ஸ்-ஜெகர்ஸ், ஜுவனைல், கௌடன் இவற்றில் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, ஆணோ பெண்ணோ வித்தியாசம் இல்லை. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது என்பதால் இரண்டாவது தப்பிக்கும் என்ற கணக்கும் கிடையாது. மியூட்ஒய்எச்சில் துணைவருக்கும் அந்த மாற்றம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

சோதிக்கும் வயது, கண்காணிப்பு தொடங்க வேண்டிய வயதைப் பொறுத்து அமையும். பியூட்ஸ்-ஜெகர்ஸில் எட்டு வயதில் சிறுகுடலையும் இரைப்பையையும் பெருங்குடலையும் பார்க்கத் தொடங்க வேண்டும், அதற்கு முன்பே மரபணுச் சோதனை முடிந்திருந்தால் நல்லது. வயிற்று வலி, ரத்தசோகை இருந்தால் எட்டு வயது வரை காத்திருக்கவே கூடாது. எஃப்.ஏ.பி.யில் 10-12 வயது வாக்கில் சோதிப்பது வழக்கம். பிள்ளையிடம் அதன் வயதுக்கேற்ற சொற்களில் உண்மையைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கல்யாணப் பேச்சுக்குத் தடையாகும் என்று மறைத்து வைக்கும் குடும்பங்களின் பயம் புரிகிறது, ஆனால் அந்த மறைப்பின் விலையைக் கொடுப்பது விவரம் தெரியாமல் வளரும் அடுத்த பிள்ளை. சித்தப்பா, அத்தை வீடுகளுக்கும் தெரிவிக்க வேண்டும். நேரில் பேச முடியாவிட்டால், மருத்துவரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கி அனுப்புங்கள்.

குழந்தை பெற்றுக்கொள்ளத் திட்டமிடுகிறவர்களுக்கு, குடும்பத்தின் மாற்றம் தெரிந்திருந்தால், சோதனைக் குழாய்க் கருவைச் சோதித்து மாற்றம் இல்லாததை வைக்கும் வழியும் உண்டு. வேண்டுமா வேண்டாமா என்பது முழுக்க அவரவர் முடிவு.

எந்த மாதிரி வலி வந்தால் உடனே ஓட வேண்டும்?

பரம்பரைப் பாலிப் நோய் உள்ள வீட்டில், குறிப்பாகப் பியூட்ஸ்-ஜெகர்ஸ் உள்ள பிள்ளைக்கு, விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் வலியோடு வாந்தி, அதிலும் பச்சை நிற வாந்தி, வயிறு உப்பி வாயுவும் மலமும் போகாமல் நிற்பது, மலத்தில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலி நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே இருக்க வேண்டாம், செருகல் சில சமயம் தானாக விலகி மறுபடி வரும். போனவுடன் முதலில் நோயின் பெயரைச் சொல்லுங்கள், "குடல் செருகலாக இருக்கலாம்" என்றும் சொல்லுங்கள், ஏனென்றால் அரிய நோய் என்பதால் அங்கே இருப்பவருக்கு அது உடனே தோன்றாமல் போகலாம். நோயின் பெயர், மரபணு, கடைசியாகப் பார்த்தபோது பெரிய பாலிப் எங்கே எந்த அளவில் இருந்தது, முன்பு செய்த அறுவைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பர்ஸிலும் போனிலும் வைத்திருங்கள், பிள்ளையின் பள்ளியிலும் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.